கரகரப்புக்கு டிக்கெட் வாங்கிய கதை

வெள்ளி இரவு, கிருஷ்ணகிரி

தொப்பூர் கணவாயைத் தாண்டியதும் பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தை மாதத்தில் சேலத்துக்கு வடக்கே வருகிறவர்கள் இந்தக் குளிரை எதிர்பார்த்துத்தான் வர வேண்டும். முன் இருக்கைக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். நான் மஃப்ளரை எடுத்தேன். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து குறுகிய பாதையில் சிறு ரயில் ஒன்று வந்து போனது. அந்தப் பாதையைப் பெயர்த்தெடுத்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே பஸ்தான்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஓய்வு நேரத்தில் மின்கிட்டார் வாசிக்கிறான்; அக்காவைக் கேட்டால் வரிசையை மாற்றிச் சொல்லுவார். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் பழைய ராக் பாடல்களின் திறந்தவெளிக் கச்சேரி நடக்கப் போகிறது. "வாருங்கள் மாமா, நீங்கள் கேட்டே ஆக வேண்டும்" என்று 800 ரூபாய் டிக்கெட்டை எனக்கும் சேர்த்து வாங்கிவிட்டான். வாங்கிய டிக்கெட்டை வீணாக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நான் ஆத்தூரில் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். ஆடி மாதம் முழுக்க எல்.ஆர். ஈஸ்வரி, மார்கழி விடியலில் எம்.எல். வசந்தகுமாரி, கல்யாண வீட்டில் டி.எம்.எஸ்., தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும். எல்லோரும் என் குழாய் ஒலிபெருக்கிகளின் வழியாகத்தான் ஊருக்குப் பேசினார்கள், பாடினார்கள். இப்போது கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். காது மட்டும் இன்னும் கடையை மூடவில்லை.

தருமபுரியில் இறங்கிச் சாப்பிட்டேன். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். நானும் சேலத்து மாவட்டத்துக்காரன்தான், எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்; வாயில் களி இருந்தது. பிறகு வேறு பஸ். காவேரிப்பட்டணத்தில் வண்டி நின்றபோது நிப்பட்டு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் பழையபேட்டையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் பழைய கூட்டாளியைப் பார்க்கப் போனேன். தெருவில் தமிழ், கடைக்குள் உருது, வாடிக்கையாளரைப் பொறுத்துத் தெலுங்கு அல்லது கன்னடம் என்று பேசுகிற மனிதர். ராக் கச்சேரிக்கு வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தபடி மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். உள்ளே பஞ்சு சுற்றி வைத்த வால்வுகள், டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து ரேடியோக்களில் எரிந்த கண்ணாடிக் குமிழ்கள்.

"பெங்களூர்ப் பையன்கள் இதைத் தேடிக்கொண்டு இங்கே வரை வருகிறார்கள், பாய்" என்றார். என்னையும் அவர் பாய் என்றுதான் கூப்பிடுவார். அவர் காட்டியது இ.எல்.34 என்ற வால்வு. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் கிட்டாருக்கென்று ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பித்தார். அவருடைய பெயரைத் தாங்கிய பெட்டிகளில் பல ஆண்டுகளாக எரிவது இந்த வகை வால்வுதான். டிரான்சிஸ்டர் வந்த பிறகு நாங்களெல்லாம் வால்வு பெட்டிகளை எடைக்குப் போட்டோம். எடை அதிகம், சூடு அதிகம், பஸ்ஸின் மேல் ஏற்றி இறக்கினால் கண்ணாடி உடையும். இப்போது அதற்குத் தேவை வந்துவிட்டது.

"எதற்காம்?"

"அளவுக்கு மேல் திருகினால் அழகாகக் கரகரக்கிறதாம்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆம்ப்ளிஃபயர் கரகரத்தால் வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்ட ஊர்த் தலைவர்கள் எங்கள் இருவருக்கும் நினைவில் இருக்கிறார்கள்.

சனி மதியம், கிருஷ்ணகிரி

அக்கா மகன் முதல் பஸ்ஸில் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். கச்சேரி மாலையில்தான், அதுவரை என்ன செய்வது என்று கோட்டை மலை ஏறினோம்.

பாராமகால் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தின் கோட்டைகளில் இது முக்கியமானது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-ல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இரவோடு இரவாக இதைப் பிடித்துவிடலாம் என்று ஏறிப் பார்த்தது. மேலே இருந்த திப்பு சுல்தானின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட்டே அவர்களைத் துரத்தினார்கள். அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் கோட்டை காகிதத்தின் வழியாகக் கைமாறியது. படிகளைப் பார்த்தால் அந்தப் படைவீரர்கள் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. பகலிலேயே மூச்சு வாங்குகிறது.

மேலே சையத் பாஷா தர்கா. வணங்கிவிட்டுப் பாறையில் உட்கார்ந்தோம். கீழே நகரம், அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் அணை நீர், சுற்றிலும் மாந்தோப்புகள். ஏதோ ஒரு தெருவில் விசேஷம் போலிருக்கிறது, குழாய் கட்டியிருந்தார்கள். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் இவ்வளவு உயரத்துக்குத் தெளிவாக வந்தது. ஆனால் தவில் வரவில்லை, தபேலா வரவில்லை. பாடகர் மட்டும் தனியாக மலையேறி வந்துவிட்டார்.

குழாயின் குணமே அதுதான். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும், ஆனால் மனிதக் குரலின் எல்லைக்குக் கீழே அதற்குப் பேச வராது. 300 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 300 அதிர்வுக்கு, கீழே இறங்கினால் ஏறத்தாழ ஊமை. பேச்சுக்கும் அறிவிப்புக்கும் அதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. அதனால்தான் இரண்டு குழாயும் ஒரு பேட்டரியும் வைத்துக்கொண்டு ஓர் ஊரையே கூட்டிவிட முடிந்தது. அக்கா மகனுக்கு இதையெல்லாம் விளக்கினேன். "சரி மாமா, இன்று மாலை அந்த மற்ற பாதியைக் கேட்கலாம்" என்றான்.

இப்போது விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். இரண்டரை மணிக்குத் தோப்புக்குக் கிளம்ப வேண்டும். கச்சேரி ஆறரைக்குத்தான். ஆனால் கச்சேரிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனையைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். அக்கா மகன் யாரிடமோ பேசி அனுமதி வாங்கி வைத்திருக்கிறான்.

சனி நள்ளிரவு

தூக்கம் வராது. எழுதிவிடுகிறேன்.

தோப்பு முழுக்கக் கிளிமூக்கு மாமரங்கள். இங்கே அந்த ரகத்தைப் பெங்களூரா என்பார்கள். கூழ் ஆலைகளுக்குப் போவது பெரும்பாலும் அதுதான். தை என்பதால் மரமெல்லாம் பூ. தோப்புக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் "கிளையைப் பிடிக்காதீர்கள், பூ கொட்டிவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாடகை வந்தாலும் மனம் கேட்கவில்லை. ஆனி மாதத்துக் காசு அந்தப் பூவில் இருக்கிறது அல்லவா? மேடையை மரங்களை விட்டுத் தள்ளி, நிலக்கடலை பிடுங்கி முடித்த வெற்று நிலத்தில் போட்டிருந்தார்கள். ஜெனரேட்டரை எட்ட இருந்த கிணற்று மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். நல்ல அடையாளம். ஜெனரேட்டரை எங்கே வைக்கிறார் என்பதிலேயே ஓர் ஒலியமைப்பாளரை எடைபோட்டுவிடலாம்.

அந்த ஒலியமைப்பாளர் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். நான் தொழில்காரன் என்று அக்கா மகன் சொன்னதும், "வாருங்கள் ஐயா, நீங்களும் நடந்து பாருங்கள்" என்று தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். மேடையின் இருபுறமும் ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் பேஸ் என்கிற கீழ்ச்சுர ஒலிக்குத் தனிப் பெட்டிகள். மேடையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு கம்பங்கள், அவற்றில் சிறிய பாக்ஸ்கள்.

"அந்தப் பின் பாக்ஸ் எதற்கும்மா? முன்னால் இருப்பதையே கொஞ்சம் கூட்டினால் போதாதா?"

"கூட்டினால் முன்வரிசைக்காரர்களின் காது போய்விடும் ஐயா. ஆனால் பின்னால் இருப்பதை அப்படியே போட்டால் ஒரு சொல் இரண்டு தடவை கேட்கும்."

ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. ஐம்பது மீட்டரைக் கடக்க அதற்கு 150 மில்லி விநாடி வேண்டும். மின்கம்பியில் போவதோ உடனே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பின் பாக்ஸ்களுக்குப் போகும் ஒலியை அந்த 150 மில்லி விநாடிக்குச் சற்று கூடுதலாக நிறுத்திவைத்து விடுகிறார். முதலில் மேடையின் ஒலி காதைத் தொடுகிறது, உடனே பக்கத்துப் பாக்ஸ் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. காது ஏமாந்து, எல்லாமே மேடையிலிருந்துதான் வருகிறது என்று நம்பிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். பக்கத்தில் பாக்ஸ் இருப்பதே தெரியவில்லை. எங்கள் காலத்தில் பொதுக்கூட்டத்தில் தலைவர் "தோழர்களே" என்று ஒரு முறை சொன்னால் நான்கு திசையிலிருந்தும் நான்கு முறை வரும். கூட்டம் பெரிது என்று கட்சிக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை.

இன்னொன்றும் செய்தார். தொங்கிய பாக்ஸ்களின் முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, கிராமம் இருந்த பக்கத்தை விட்டுத் திருப்பினார். பகலில் தரை சுடுவதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும். மேலே அதைவிட வெதுவெதுப்பு. அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து, தரையோடு தரையாக வெகுதூரம் போகும். "நாலு மணிக்குச் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் எட்டு மணிக்கு அடுத்த ஊர்க்காரர் தடியோடு வந்து நிற்பார்" என்றார். திருவிழா இரவுகளில் பம்பைச் சத்தம் ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டிக் கேட்பதன் காரணம் எனக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது. அம்மன் அருள் என்று என் அப்பா சொல்லுவார். அம்மன் குளிரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள்.

ஆறரை என்று சொன்னது ஏழுக்குத்தான் தொடங்கியது. ஐந்நூறு பேர் இருக்கலாம். பெங்களூரிலிருந்து கார்களில் வந்தவர்கள் மடக்கு நாற்காலி, போர்வையோடு. ஓசூர்த் தொழிற்சாலைப் பையன்கள் கறுப்புப் பனியனோடு. டிக்கெட் வாங்காத ஊர்க்காரர்கள் வரப்பு மேல் வரிசையாக, தலையில் முக்காட்டோடு. அவர்களுக்குத்தான் மிக நல்ல இடம். உள்ளே ஒரு பாட்டி வேகவைத்த நிலக்கடலையைக் கூம்புப் பொட்டலமாகக் கட்டி விற்றார். கழிப்பறை ஏற்பாடு மோசம், நீண்ட வரிசை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

வாசித்தவர்கள் ஐந்து பேர், எல்லோருமே ஐம்பதை ஒட்டியவர்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவராம், டிரம்ஸ்காரர் பல் மருத்துவராம். சொந்தப் பாட்டு எதுவும் இல்லை. 1960-களிலும் 70-களிலும் வந்த பாடல்கள்தாம். கிரீடன்ஸ், லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட், ஈகிள்ஸ் என்று அக்கா மகன் என் காதில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். முதல் பாட்டில் கிட்டார் கரகரத்தது. எனக்குப் பல் கூசியது. இரண்டாவதிலும் கரகரத்தது. மூன்றாவது பாட்டில் கவனித்தேன். கரகரப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. மெல்ல மீட்டினால் தெளிவாக இருக்கிறது, அழுத்தினால் ஓரம் பிசிறுகிறது, இன்னும் அழுத்தினால் ஒற்றைச் சுரம் நாதஸ்வரத்தின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு நிற்கிறது. கம்பியை மீட்டிய ஒலி சட்டென்று அணைந்துவிடுவதுதான் இயற்கை. இந்தப் பிசிறுதான் அதை அணையவிடாமல் பிடித்திருக்கிறது. பழுதை அளந்து, விரலால் ஆட்டிவைக்கிறார்கள்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது என்று இடைவேளையில் அக்கா மகன் சொன்னான். 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் என்ற குழுவின் டேவ் டேவிஸ், சிறு ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டு வாசித்தாராம். அந்தக் கிழிந்த ஒலியில் வந்த பாட்டு பெரிய வெற்றி. நான் நிலக்கடலையை மெல்வதை நிறுத்திவிட்டேன். கிழிந்த ஸ்பீக்கர் காகிதத்துக்குப் பசையும் பருத்தித் துணியும் வைத்து ஒட்டியே என் இளமையில் பாதி போனது. அங்கே ஒருவர் உட்கார்ந்து வேண்டுமென்றே கீறியிருக்கிறார்!

இரண்டாம் பகுதியில்தான் அது நடந்தது. கிட்டார்க்காரர் ஒரு பாட்டின் நடுவில் திரும்பி நடந்து போய்த் தன் ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே முகம் கொடுத்து நின்றார். கிட்டார் ஊளையிட ஆரம்பித்தது. மைக்கும் பாக்ஸும் ஒன்றை ஒன்று பார்த்தால் கிளம்புகிற அதே ஊளை. நான் எழுந்தே நின்றுவிட்டேன், வலக்கை தானாக நீண்டு இல்லாத குமிழைத் தேடியது. பக்கத்து நாற்காலிப் பெண்மணி என்னை ரசிகன் என்று நினைத்து அவரும் எழுந்து கை தட்டினார். மேடையில் அந்த மனிதர் ஓரடி முன்னே வந்தார், ஊளை ஒரு சுரத்துக்கு ஏறியது. உடம்பைத் திருப்பினார், இன்னொரு சுரத்துக்கு இறங்கியது. குமிழையே தொடவில்லை. நிற்கிற இடத்தை மாற்றியே ராகம் பிடித்தார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் திடலில், விழா முடிய வேண்டிய நாளைத் தாண்டித் திங்கள் காலையில், ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸ் தம் நாட்டுப்பண்ணையே இப்படி அலறவிட்டு வாசித்தார் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அந்த ஊளையைக் கையாள எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது, அதை ஒழிக்கப் பயின்றவனுக்குத்தான் தெரியும்.

வெட்டவெளியில்தான் இது சரிப்படுகிறது என்றும் தோன்றியது. கல்யாண மண்டபத்தில் இவ்வளவு ஒலியை விட்டால் சுவர் திருப்பியடிக்கும், எல்லாம் குழம்பிக் கூழாகும். இங்கே போன ஒலி போனதுதான். ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஒரு வெற்றிடம் கிடைக்கிறது, அடுத்த அடி சுத்தமாக வந்து விழுகிறது.

கச்சேரியில் குறை இல்லாமல் இல்லை. பாடகரின் குரல் ஒன்பது மணிக்கு மேல் உச்சத்துக்கு ஏற மறுத்தது. இரண்டு இடங்களில் கூட்டத்தைப் பாடச் சொல்லித் தப்பினார். பல் மருத்துவரின் தனி டிரம்ஸ் அளவுக்கு மீறி நீண்டது. தனி ஆவர்த்தனத்தில் நம் மிருதங்கக்காரர்களுக்குக் கணக்கு உண்டு, எங்கே முடியும் என்று தொடையில் தட்டிக் காத்திருக்கலாம். இவர் எங்கே முடிப்பார் என்று அவருக்கே தெரியவில்லை.

பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். 2002-ல் ரோஜர் வாட்டர்ஸ், 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-ல் அயர்ன் மெய்டன் எல்லாரையும் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் கேட்டவர். ரோலிங் ஸ்டோன்ஸ் அன்று நல்ல மழையாம். நனைந்த சட்டையோடு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் விடியும்வரை காத்திருந்து, முதல் பஸ்ஸைப் பிடித்துக் கிருஷ்ணகிரிக்கு வந்து, நேராகப் பட்டறைக்குப் போய்க் கல் அறுத்ததாகச் சொன்னார். "கல் அறுக்கும் இயந்திரத்தின் நடுவில் நாள் முழுக்க நிற்பவனுக்கு இந்தச் சத்தமெல்லாம் தாலாட்டு" என்றார். பெங்களூரிலிருந்து தென்பெண்ணையில் நுரை மட்டும்தான் வருகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம், இதுவும் வருகிறதே என்று நான் சொல்ல, அவர் உரக்கச் சிரித்ததில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைசிக்கு முந்தைய பாட்டு டீப் பர்ப்பிள் குழுவினுடையது. 1971 டிசம்பர் 4-ல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் வேறொருவர் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் யாரோ வெடிப்பொறி ஒன்றைக் கூரையை நோக்கிச் சுட, சூதாட்ட விடுதி முழுவதும் எரிந்துபோனது. அங்கே இசைத்தட்டுப் பதிவு செய்ய வந்திருந்த இவர்கள், ஏரி நீர்மேல் புகை படர்வதைக் கண்டு அதையே பாட்டாக்கினார்கள். அதன் தொடக்கத்துக் கிட்டார் வரி மிக எளிது. கிட்டார் வாங்கிய எல்லாப் பிள்ளைகளும் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான் என்கிறான் அக்கா மகன். எளிது என்பதால்தான் திடலுக்குப் பொருந்துகிறது. சிக்கலான சங்கதிகளைக் காற்று கலைத்துவிடும். இந்த வரியைக் காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வரப்பு மேல் இருந்த சிறுவர்கள் இரண்டாவது சுற்றிலேயே வாயால் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஓரமாக நின்ற காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். இன்னொரு பாட்டு என்று பையன்கள் கத்தினார்கள். பாடகர் காவலரைக் கைகாட்டிக் கும்பிட்டார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார், ஆனால் அசையவில்லை.

ஞாயிறு மாலை, தருமபுரி பஸ்ஸில்

காலையில் அணைக்குப் போனோம். 1957-ல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை, 52 அடி. வாசலில் மீன் பொரித்துத் தருகிறார்கள். மசாலா தடவி வரிசையாக அடுக்கி வைத்திருப்பதில் வேண்டியதை நாமே காட்டலாம். ஜிலேபி மீன் எனக்கு, கட்லா அவனுக்கு.

கடைக்காரரிடம் நேற்று இரவு பாட்டு கேட்டதா என்று விசாரித்தேன். அவர் வீடு தோப்பிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்குமாம்.

"பாட்டு எங்கே கேட்டது? டும் டும் என்று மட்டும் வந்தது. யாரோ மாவு இடிக்கிறார்கள் என்று அம்மா சொன்னார்கள்."

கோட்டை மலையில் கேட்டதற்கு நேர் எதிர். அங்கே குரல் மட்டும் வந்தது, இங்கே அடி மட்டும் போயிருக்கிறது. பேஸ் ஒலியின் அலை நீளமானது. 40 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலை எட்டரை மீட்டர். மாமரம் அதற்கு ஒரு தடையே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். மேல்சுரங்களைத்தான் இலையும் காற்றும் தின்றுவிடுகின்றன. அந்தப் பெண்ணுக்கு இந்தச் செய்தியை அனுப்பச் சொன்னேன். அடுத்த முறை பேஸ் பெட்டிகளின் வரிசையை மாற்றிப் பார்ப்பதாகப் பதில் வந்தது.

திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எருது விடும் விழா. பொங்கல் முடிந்ததும் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் நடப்பது. இருபுறமும் கட்டைகட்டிய பாதையில் எருதுகளை ஒவ்வொன்றாக ஓடவிடுகிறார்கள். சில ஊர்களில் குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் ஓடியது என்று கணக்கு; சில ஊர்களில் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பறிக்கப் போட்டி. நாங்கள் பார்த்தது முதல் வகை. வீட்டு மொட்டை மாடிகளில் இடமில்லை, வேப்பமரத்திலும் இல்லை. டிராக்டர் டிரெய்லர் ஒன்றில் ஏறி நின்றோம்.

அங்கே நம்முடைய ஆட்சி. எட்டுக் குழாய்கள், பனங்கம்பங்களில். அறிவிப்பாளர் மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு எருதின் பெயர், ஊர், உரிமையாளர், ஓடிய நேரம் என்று மூச்சுவிடாமல் முழங்கினார். ஒலி முழுக்க முழுக்க உடைந்திருந்தது. எனக்கு அது பழகிய வேதனை. அக்கா மகன் என் தோளைத் தட்டினான்.

"மாமா, இதுவும் அதே கரகரப்புதானே?"

"அது வேறு, இது வேறு. அவர்கள் தெரிந்து செய்தார்கள். இவருக்கு மைக்கைத் தள்ளிப் பிடிக்கத் தெரியவில்லை."

"நன்றாகக் கவனியுங்கள்."

கவனித்தேன். பரிசு அறிவிப்பும் காணாமற்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பும் வந்தபோது அந்த மனிதர் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். சொற்கள் சுத்தமாக வந்தன. அடுத்த எருது கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்ததும் மைக் மறுபடியும் வாய்க்குள் போனது, குழாய் கிழிந்தது, கூட்டம் விசிலடித்தது. எனக்கு வாய் அடைத்துவிட்டது. எங்கள் அறிவிப்பாளர்களுக்கு எத்தனை முறை "தள்ளிப் பிடி, தள்ளிப் பிடி" என்று சைகை காட்டியிருப்பேன்! ஒருவனும் கேட்டதில்லை. அவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது போலும். இதை அக்கா மகனிடம் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை; "யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்று மட்டும் சொன்னேன்.

மாலை நான்கு மணிக்குப் பாதையைத் திறந்தார்கள். அவன் ஓசூர் பஸ், நான் தருமபுரி பஸ்.

திங்கள், ஆத்தூர்

காலையில் குடோனைத் திறந்தேன். எடைக்குப் போடாமல் விட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஷாமியானா துணிகளுக்கு அடியில் கிடக்கிறது என்று பஸ்ஸிலேயே நினைவு வந்திருந்தது. இருந்தது. எலி வயரைக் கடித்திருக்கிறது, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள் இரண்டு உப்பிப்போயிருக்கின்றன, டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது. அக்கா மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அழைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறானாம்.

சில நிபந்தனைகள் போட்டிருக்கிறேன். மூடியைத் திறந்து அவன் கை வைக்கக் கூடாது. உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், சுவிட்சை அணைத்த பிறகும் நிற்கும். கண்டென்சர்களைப் பழையபேட்டை பாய்தான் மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் என்னுடையது, அதன் பக்கத்தில் பிளேடு வரக் கூடாது. அக்காவிடம் இதை யார் கொடுத்தது என்று சொல்லவே கூடாது.